நம் கடிதம் ஏன் ஸ்பாமில் போய் விழுகிறது?

(பாலக்காட்டில் உறுப்பினர்கள் கூடியபோது, இணையம் வழியாகச் சிறுதொழில் நடத்துவோருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு கொஞ்சம் விசித்திரமானது. சிறுதொழில் நடத்துகிறவர்களின் வெப்சைட்டிலிருந்து போகும் ஈ-மெயில் ஏன் ஸ்பாம் பெட்டியில் போய் விழுகிறது, அதை எப்படிக் கண்டுபிடித்துச் சரி செய்வது என்பதுதான் விஷயம். "இது கம்ப்யூட்டர்காரர்கள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். இதில் புரோகிராம் எழுதும் வேலை எதுவும் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடிய விஷயம்தான்.

முதலில் நஷ்டம் எங்கே என்று பார்ப்போம். கல்பாத்தியில் வீட்டிலேயே பப்படமும் கொண்டாட்டமும் வடாமும் போட்டு விற்கும் ஒரு மாமி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமான் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்திருக்கிறான். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு மாட்டுங்காவிலிருந்து ஒருவர் பணம் கட்டி ஆர்டர் கொடுக்கிறார். "உங்கள் ஆர்டர் கிடைத்தது" என்று வெப்சைட் தானாகவே ஒரு மெயில் அனுப்புகிறது. அது அவருடைய ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடுகிறது. இரண்டு நாள் பார்க்கிறார். பதில் இல்லை. பணம் போய்விட்டது என்று பயந்து பாங்கில் புகார் கொடுக்கிறார், அல்லது வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறார். மாமிக்கோ, மெயில் போயிற்று என்ற நினைப்பு. இரண்டு பக்கமும் தப்பு செய்யவில்லை, இரண்டு பக்கமும் மனஸ்தாபம்.

மலைமேல் கதை இன்னும் கஷ்டம். ஏலக்காய் விலை ஏலத்துக்கு ஏலம் மாறும். ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலம் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வடக்கேயிருந்து ஒரு வியாபாரி, வெப்சைட்டில் உள்ள விசாரணைப் படிவத்தைப் பூர்த்தி செய்து "50 கிலோ என்ன விலை?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி விற்பவருடைய சொந்த ஸ்பாம் பெட்டியிலேயே போய் உட்கார்ந்துவிட்டால்? நாலு நாள் கழித்துப் பார்த்தால் விலையும் மாறியிருக்கும், வியாபாரியும் போயிருப்பார். மூணாறில் வீட்டோடு இரண்டு அறை வைத்து விருந்தினர்களைத் தங்க வைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

இதில் மிகப் பெரிய ஆபத்து, இந்த வியாதி சத்தமே போடாது என்பதுதான். தபாலில் போட்ட கடிதம் போய்ச் சேரவில்லையென்றால், "முகவரியில் இல்லை" என்று தபால்காரர் திருப்பிக் கொண்டுவருவார். ஸ்பாமில் விழுந்த மெயில் திரும்பி வராது. நம் பக்கத்தில் பார்த்தால் "அனுப்பப்பட்டது" என்றே காட்டும். அதனால், யாரும் புகார் சொல்லவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. நாமே சோதித்துப் பார்த்தால்தான் உண்டு.

யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும்

இந்தச் சிக்கலின் வேர் 1982-ல் இருக்கிறது. அந்த வருஷம் ஆகஸ்ட் மாதம் ஜான் போஸ்டெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுத்து வாங்குவதற்கான விதிமுறையை வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. என்று அதற்குப் பெயர். இன்றைக்கும் நம் மெயில் அந்த வழியில்தான் போகிறது. அப்போது அந்த வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ச்சியாளர்களும்தான். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அதனால் அனுப்புகிறவர் உண்மையிலேயே அவர்தானா என்று சரிபார்க்க அந்த விதியில் வழியே வைக்கவில்லை. கவரின் பின்பக்கம் அனுப்புநர் பெயராக எதை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அதே மாதிரிதான்.

வேண்டாத விளம்பர மெயில் அதற்கும் முந்தியது. 1978 மே மாதத்தில் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அதிகாரி, அந்தக் கால வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பலருக்கும் கோபம் வந்தது. ஸ்பாம் என்ற பெயர், டப்பாவில் அடைத்த ஒரு மாமிசப் பண்டத்தின் பெயர். 1970-ல் பிரிட்டிஷ் டெலிவிஷனில் வந்த ஒரு நகைச்சுவைக் காட்சியில் அந்த வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லிக் காதைத் துளைப்பார்கள். வேண்டாம் என்றாலும் வந்து கொண்டேயிருக்கும் மெயிலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதைத் தடுக்க முதலில் வார்த்தைகளைப் பார்த்துச் சலிக்க ஆரம்பித்தார்கள். "இலவசம்", "லாட்டரி" என்றெல்லாம் வந்தால் ஒதுக்கு என்ற மாதிரி. 2002-ல் பால் கிரஹாம் என்பவர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, எந்த வார்த்தை ஸ்பாமில் எத்தனை தடவை வருகிறது என்று கணக்குப் போட்டுத் தானே கற்றுக்கொள்ளும் சல்லடைகள் பரவின. இதனால்தான் பலரும் இன்றும் "மெயிலில் ஏதோ தப்பான வார்த்தை இருக்கிறது போலும்" என்று வாசகத்தையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். நம்மைப் போன்ற சிறிய வியாபாரிகளின் மெயில் ஸ்பாமில் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வாசகத்தை அல்ல, அடையாளத்தை. நாம் யார் என்று காட்டும் காகிதம் நம்மிடம் இல்லை, அல்லது அதில் தப்பு இருக்கிறது.

கிராமத்தில் புதிதாக ஒரு பையன் தெருவுக்குள் நுழைந்தால் திண்ணையில் இருக்கும் பெரியவர் முதலில் என்ன கேட்பார்? "நீ யாராத்துப் பிள்ளை?" என்பார். அவன் பேசுவது அப்புறம். ஜிமெயில் சர்வரும் அதைத்தான் கேட்கிறது.

மூன்று காகிதங்கள்

நாம் எல்லைப்பக்கத்துக்காரர்கள். வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம், மலைமேல் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று செக்போஸ்டுகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு வாளையாறில் சரக்கு லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதும் ஞாபகம் இருக்கும். காகிதம் சரியாக இருந்தால் லாரி போகும். இல்லாவிட்டால், உள்ளே இருப்பது சுத்தமான சரக்கானாலும் ஓரம் கட்டுவார்கள். மெயிலுக்கும் இப்படி மூன்று காகிதங்கள் உண்டு. மூன்றையும் நம் டொமைனின் டி.என்.எஸ். என்ற பொதுப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். டொமைன் வாங்கிய இடத்தில் அல்லது வெப்சைட்டை வைத்திருக்கும் இடத்தில் இதற்கென்று ஒரு பக்கம் இருக்கும்.

முதல் காகிதம் எஸ்.பி.எஃப். "என் பெயரில் மெயில் எடுத்துச் செல்ல இன்னின்ன சர்வர்களுக்குத்தான் அனுமதி" என்ற பட்டியல் இது. எந்தெந்த லாரி நம்முடையது என்று செக்போஸ்டில் முன்கூட்டியே கொடுத்து வைப்பதைப் போல.

இரண்டாவது டி.கிம். பழைய நாளில் இன்ஷ்யூர் தபாலில் அரக்கு முத்திரை வைப்போமே, அது. அனுப்பும் சர்வர் ஒவ்வொரு மெயிலிலும் ஒரு ரகசியச் சாவியால் முத்திரை வைக்கும். அந்த முத்திரையைச் சரிபார்க்கும் பொதுச் சாவியை டி.என்.எஸ்.-ல் வைத்திருப்போம். வழியில் யாராவது வாசகத்தை மாற்றினால் முத்திரை உடைந்தது தெரிந்துவிடும்.

மூன்றாவது டிமார்க். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஒரு மெயிலில் அனுப்புநர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, கவரின் மேல் எழுதியது. அது சர்வர்களுக்கு மட்டும் தெரியும். இன்னொன்று, உள்ளே லெட்டர்ஹெட்டில் இருப்பது. படிக்கிறவர் கண்ணில் படுவது அதுதான். எஸ்.பி.எஃப். பார்ப்பது கவரை மட்டும். கவரில் ஒரு பெயரும் லெட்டர்ஹெட்டில் வேறு பெயரும் போட்டு ஏமாற்றலாம் அல்லவா? ஆகவே டிமார்க் சொல்கிறது: லெட்டர்ஹெட்டில் உள்ள டொமைனும், எஸ்.பி.எஃப்.-ல் அல்லது டி.கிம்மில் தேறிய டொமைனும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மெயிலை என்ன செய்ய வேண்டும் என்பதையும் டொமைன் சொந்தக்காரரே அதில் எழுதி வைக்கலாம். மேலும், நம் பெயரில் யார் யார் மெயில் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கையையும் நமக்கு அனுப்பச் சொல்லலாம்.

2024 பிப்ரவரியிலிருந்து இதெல்லாம் வெறும் சிபாரிசு அல்ல. கூகுளும் யாஹூவும் சேர்ந்து விதியாகவே ஆக்கிவிட்டார்கள். ஜிமெயிலுக்கு மெயில் அனுப்பும் யாராக இருந்தாலும் எஸ்.பி.எஃப்., டி.கிம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும். விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ளும் வசதியும் வேண்டும். 2025 மே மாதத்திலிருந்து ஹாட்மெயில், அவுட்லுக் முகவரிகளுக்கு இதே அளவில் அனுப்புகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்டும் மூன்றையும் கட்டாயமாக்கியது. நாம் 5000 அனுப்பப் போவதில்லை. ஆனாலும் மூன்றையும் வைத்துக்கொள்வதே உத்தமம். இதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதும் இல்லை.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

வைத்தியர் நாடி பார்ப்பதைப் போல வரிசையாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

முதலாவது, எந்த மெயில் ஸ்பாமுக்குப் போகிறது என்று பிரித்துப் பாருங்கள். சிறிய வியாபாரத்தில் நாலு வகை மெயில் உண்டு. நாமே தட்டச்சு செய்து அனுப்புவது ஒன்று. ஆர்டர் வந்ததும் வெப்சைட் தானாக அனுப்புவது இரண்டு. விசாரணைப் படிவத்திலிருந்து நமக்கே வருவது மூன்று. பண்டிகைக்கு எல்லோருக்கும் மொத்தமாக அனுப்புவது நான்கு. நாலும் ஒரே பெயரில் போனாலும் நாலு வேறு வேறு வழியாகப் போகலாம். கையால் அனுப்புவது நன்றாகப் போய்ச் சேர்ந்து, வெப்சைட் அனுப்புவது மட்டும் ஸ்பாமில் விழுந்தால் கோளாறு எந்த வழியில் என்று பாதி தெரிந்துவிட்டது.

இரண்டாவது, வீட்டில் யாருடையதாவது ஒரு ஜிமெயில் முகவரிக்கு ஒவ்வொரு வகையிலும் ஒரு மெயிலை அனுப்பிப் பாருங்கள். அது ஸ்பாமில் இருந்தால் திறந்து பாருங்கள். ஏன் இங்கே வந்தது என்று ஜிமெயிலே மேலே ஒரு வரி எழுதியிருக்கும். பிறகு கம்ப்யூட்டரில் அந்த மெயிலின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைச் சொடுக்கி, "ஷோ ஒரிஜினல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் என்று மூன்று வரி வரும். ஒவ்வொன்றின் எதிரிலும் பாஸ் அல்லது ஃபெயில் என்று இருக்கும். பரீட்சை ரிசல்ட் மாதிரி. ஒரு வரியே இல்லையென்றால் அந்தக் காகிதமே நம்மிடம் இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, ஃபெயில் ஆனதற்குக் காரணம் தேட வேண்டும். அடிக்கடி வரும் காரணங்களைச் சொல்கிறேன்.

(1) வெப்சைட் தன் சொந்த சர்வரிலிருந்தே மெயிலைத் தள்ளிவிடுவது. வேர்ட்பிரஸ்ஸில் செய்த வெப்சைட்டை அப்படியே விட்டால், அது இருக்கும் சர்வரின் மூலமாகவே மெயில் அனுப்பும். நம் மெயில் பெட்டியோ வேறு கம்பெனியில் இருக்கும். எஸ்.பி.எஃப். பட்டியலில் மெயில் கம்பெனி மட்டும் இருந்தால் வெப்சைட் அனுப்புவது தேறாது. பரிகாரம்: எஸ்.எம்.டி.பி. இணைப்புக்கான ஒரு பிளகினைப் போட்டு, நம் மெயில் பெட்டியின் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, அதன் வழியாகவே வெப்சைட்டும் அனுப்பும்படி செய்வது. அப்போது முத்திரையும் தானாக விழும்.

(2) விசாரணைப் படிவத்தில், அனுப்புநர் இடத்தில் வாடிக்கையாளர் முகவரியையே போட்டுவிடுவது. பதில் எழுத சௌகரியம் என்று நினைத்து இப்படிச் செய்கிறார்கள். ஆனால் ஜிமெயில் பார்வையில், கூகுளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சர்வர் ஒருவருடைய ஜிமெயில் பெயரில் கடிதம் கொண்டுவருகிறது. ஆள்மாறாட்டம்தானே? யாஹூ 2014 ஏப்ரலிலேயே தன் பெயரில் இப்படி வெளியிலிருந்து வரும் மெயிலை நிராகரிக்கும்படி டிமார்க்கில் எழுதிவிட்டது. பரிகாரம் எளிது. அனுப்புநர் இடத்தில் நம் டொமைன் முகவரி. "ரிப்ளை-டு" என்ற இடத்தில் வாடிக்கையாளர் முகவரி. மலைமேல் ஏலக்காய் விசாரணை காணாமல் போவதற்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

(3) இரண்டு எஸ்.பி.எஃப். வரி இருப்பது. முதலில் ஒருவர் ஒன்று எழுதியிருப்பார். புதிய சேவை சேர்க்கும்போது இன்னொருவர் இன்னொன்று எழுதுவார். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுத வேண்டும். அந்த ஒரு வரியிலும் வேறு இடங்களில் தேடிப்பார்க்கச் சொல்லும் குறிப்புகள் மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது.

(4) வெப்சைட்டைப் புதுப்பிக்கும்போது பழைய பதிவேட்டை விட்டுவிடுவது. புதிதாகச் செய்து கொடுக்கிறவர் வேறு இடத்துக்கு மாற்றுவார். வெப்சைட் அழகாக வரும். மெயிலுக்கான வரிகளை நகல் எடுக்க மறந்திருப்பார். "போன மாதம் வரை நன்றாக இருந்ததே" என்று சொல்லும்போது இதைத்தான் கேட்க வேண்டும்.

(5) டொமைன் முகவரிக்கு வரும் மெயிலை அப்படியே ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுவது. இடையில் நம் சர்வர் புகுவதால் அனுப்பியவரின் எஸ்.பி.எஃப். தேறாது. டி.கிம் முத்திரை இருந்தால் தப்பிக்கும். அதைவிட, நமக்கு வரும் குப்பையையும் நம் சர்வரே ஜிமெயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதால் கெட்ட பெயர் நமக்கு. முறையான ஒரு மெயில் பெட்டி வைத்துக்கொள்வதே நல்லது.

டி.என்.எஸ்.-ல் மாற்றம் செய்தால் உடனே பலன் தெரியாமலும் போகலாம். சில மணி நேரம், சில சமயம் இரண்டு நாள் வரை ஆகும். பொறுத்திருந்து மறுபடியும் சோதிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் புகை

மூன்றும் பாஸ் ஆகியும் ஸ்பாமில் விழுந்தால்? அப்போது பார்க்க வேண்டியது சகவாசம். மலிவு விலை சர்வரில் ஒரே ஐ.பி. முகவரியில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் குடியிருக்கும். அதில் ஒன்றைத் திருடர்கள் கைப்பற்றிக் குப்பை மெயில் அனுப்பினால் அந்த முகவரி முழுவதும் கறுப்புப் பட்டியலில் ஏறும். 1998-ல் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பு இப்படிப் பட்டியல் வைத்திருக்கிறது. உலகம் முழுதும் பல மெயில் சர்வர்கள் அதைப் பார்த்தே கதவைத் திறக்கின்றன. நம் ஐ.பி. முகவரியும் டொமைனும் அதில் இருக்கிறதா என்று அவர்கள் வெப்சைட்டிலேயே பார்க்கலாம். இருந்தால், காரணத்தை நீக்கிவிட்டுத்தான் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். நம் வெப்சைட்டே கைப்பற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய பிளகின்களைப் புதுப்பிக்காமல் விடுவதுதான் திருடனுக்குத் திறந்து வைத்த கொல்லைக் கதவு.

சகவாச தோஷம் சிறியவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். 2018 செப்டம்பர் 24-ம் தேதி, சென்னையிலிருந்து வளர்ந்து உலகப் பெயர் பெற்ற ஜோஹோ கம்பெனியின் டொமைனையே அதைப் பதிவு செய்து கொடுத்திருந்த அமெரிக்க நிறுவனம் நிறுத்திவிட்டது. ஜோஹோவின் மெயில் வசதியைப் பயன்படுத்தி யாரோ சிலர் மோசடி மெயில் அனுப்பினார்கள் என்று வந்த புகார்தான் காரணம். வந்தவை மூன்றே புகார்கள், அதில் இரண்டின் மேல் நடவடிக்கையும் எடுத்தாகிவிட்டது என்று ஜோஹோ சொன்னது. சில மணி நேரம் அந்த முகவரியை நம்பியிருந்த ஏராளமான வாடிக்கையாளர்களின் வேலை தடைப்பட்டது. கம்பெனித் தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்கும் நிலை வந்தது. அத்தனை பெரிய கம்பெனிக்கே, வாசலில் குடியிருந்த சிலரால் இப்படி என்றால், நாம் எங்கே குடியிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டாமா?

நடத்தையும் வேண்டும்

காகிதம் சரியாக இருந்தால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. குப்பை அனுப்புகிறவனும் இந்த மூன்று காகிதங்களை வாங்கிக்கொள்ள முடியும். அடையாளம் வாசலைத் திறக்கும். உள்ளே மரியாதை கிடைப்பது நடத்தையால்தான்.

கூகுள் சொல்லும் கணக்கு இது: நம் மெயிலைப் பெறுகிறவர்களில் "இது ஸ்பாம்" என்று புகார் பொத்தானை அழுத்துகிறவர்கள் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது, 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. 1000 பேருக்கு அனுப்பினால் 3 பேர் அழுத்தினாலே எல்லைக்கு வந்துவிட்டோம். 300 பேருக்கு அனுப்பி ஒரே ஒருவர் அழுத்தினாலே 0.33 சதவீதம். அதனால் யாரோ விலைக்குக் கொடுக்கும் முகவரிப் பட்டியலைத் தொடவே வேண்டாம். கேட்காதவருக்கு அனுப்ப வேண்டாம். விலகிக்கொள்ளும் வழியைக் கண்ணில் படும்படி வையுங்கள். மனசில்லாமல் பட்டியலில் இருப்பவரைவிடப் போகிறேன் என்று சொல்லிப் போகிறவர் மேல்.

புதிய டொமைனாக இருந்தால் முதல் நாளே 500 பேருக்கு அனுப்பாதீர்கள். நாளுக்குப் பத்து, இருபது என்று பதில் எழுதக்கூடிய பழைய வாடிக்கையாளர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். வாசகமே இல்லாமல் ஒரு பெரிய படத்தை மட்டும் வாழ்த்தாக அனுப்புவதும், எங்கே போகிறது என்று தெரியாத சுருக்கிய இணைப்புகளைப் போடுவதும் சந்தேகத்தை வரவழைக்கும். கடை பெயர், முகவரி, தொலைபேசி எண் இவற்றோடு நாலு வரி எழுதி அனுப்புங்கள்.

இன்னொரு விஷயம். டிமார்க்கை எடுத்த எடுப்பிலேயே "நிராகரி" என்று எழுதிவிடக் கூடாது. முதலில் "ஒன்றும் செய்யாதே, எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு" என்று வைத்துச் சில வாரம் பாருங்கள். நாம் மறந்துபோன ஏதாவது வழியில், உதாரணமாக பில் போடும் சாஃப்ட்வேர் மூலம், நம் மெயில் போகிறதா என்று தெரியும். அதையும் சரி செய்த பிறகு "ஸ்பாமில் போடு" என்றும், கடைசியில் "நிராகரி" என்றும் ஏற்றுங்கள். இது மெயில் போய்ச் சேருவதற்கு மட்டும் அல்ல. "எங்கள் பாங்க் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்பவும்" என்று உங்கள் முகவரியையே போட்டு யாராவது உங்கள் வாடிக்கையாளருக்கு எழுதினால், அதை வாசலிலேயே நிறுத்துவதும் இதுதான். பல தலைமுறையாக நாணயம் என்று வாங்கிய பெயர் ஒரு போலிக் கடிதத்தில் போய்விடக் கூடாது.

டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும், கடவுச்சொல் எங்கே என்பதை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். செய்து கொடுத்த பையன் பெங்களூருக்கோ துபாய்க்கோ போய்விடுவான். வீட்டுப் பத்திரம் பக்கத்து வீட்டில் இருக்கலாமா?

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

நம்மில் பெரும்பாலோர் விற்பவர்கள் அல்ல, வாங்குகிறவர்கள். சென்னையிலும் பம்பாயிலும் டில்லியிலும் இருந்துகொண்டு ஊர்ப் பப்படத்துக்கு ஏங்குகிறவர்கள். உங்கள் கையிலும் இதன் ஒரு முனை இருக்கிறது. தெரிந்த கடையின் மெயில் ஸ்பாமில் கிடந்தால் "இது ஸ்பாம் அல்ல" என்பதை அழுத்துங்கள். அந்த முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேருங்கள். அடுத்த தடவை உங்களுக்கு நேராக வருவதற்கு அது உதவும். ஒரு கடையின் மெயில் இனி வேண்டாம் என்றால், விலகும் இணைப்பை அழுத்துங்கள். சோம்பலில் ஸ்பாம் பொத்தானை அழுத்தாதீர்கள். உங்களுக்கு அது ஒரு சொடுக்கு. 300 வாடிக்கையாளர் வைத்திருக்கும் ஒரு மாமிக்கு அது எவ்வளவு என்று இப்போது கணக்குப் பார்த்தோம். முன்பின் தெரியாத மோசடி மெயிலுக்கு மட்டும் தயங்காமல் ஸ்பாம் பொத்தானை அழுத்துங்கள். விலகும் இணைப்பையும் அதில் தொட வேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். விற்பவர்கள், தங்கள் வெப்சைட்டில் தாங்களே ஓர் ஆர்டர் கொடுத்து, மெயில் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். வாங்குகிறவர்கள், தங்கள் ஸ்பாம் பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் யாரோ ஒருவருடைய கடிதம் அங்கே இருக்கலாம்.

சந்தேகம் இருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு லாப்டாப்போடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.